ஆய்வுக் கட்டுரையைப் பல்கலைக்கழகக் களஞ்சியத்தில் சேர்ப்பது எப்படி? புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

கட்டுரை இதழில் வந்தாயிற்று, டிஓஐ என்ற நிரந்தர அடையாள எண்ணும் கிடைத்தாயிற்று, இனிக் களஞ்சியம் எதற்கு? ஆய்வுக்குப் புதிதாக வருபவர்கள் பலரும் இதைத்தான் முதலில் கேட்கிறார்கள். சந்தா இதழின் தளத்தில் இருக்கும் கட்டுரையை, சந்தா கட்டிய நூலகத்தின் வழியாக வருபவர் மட்டுமே முழுதாகப் படிக்க முடியும். மற்றவர்களுக்குச் சுருக்கமும் விலையும்தான் தெரியும். அதே கட்டுரையின் ஒரு படியைப் பல்கலைக்கழகம் தன் பொறுப்பில் வைத்து, யாரும் இலவசமாகப் படிக்கவிட்டு, சேவையகம் மாறினாலும் முகவரி மாறாமல் பார்த்துக்கொள்ளும் இடமே நிறுவனக் களஞ்சியம். ஆசிரியர் இதற்குக் காசு கட்ட வேண்டியதில்லை. யாரும் இலவசமாகப் படிக்க விடும் ‘திறந்த அணுக்கம்’ என்றாலே இதழுக்கு ஆயிரக்கணக்கில் டாலர் கொடுப்பது என்று பலர் நினைக்கிறார்கள். அது வேறு வழி, இது வேறு வழி. திறந்த அணுக்கத்தைப் பற்றி 2002இல் வெளியான புடாபெஸ்ட் அறிக்கையே இரண்டையும் தனித்தனியாகத்தான் சொன்னது.

அதே 2002இல் எம்ஐடி நூலகமும் ஹெச்பி நிறுவனமும் சேர்ந்து களஞ்சியம் நடத்துவதற்கான டிஸ்பேஸ் என்ற கட்டற்ற மென்பொருளை வெளியிட்டன. அதற்குமுன் 2000இலேயே சவுத்தாம்டன் பல்கலைக்கழகத்திலிருந்து ஈபிரிண்ட்ஸ் வந்திருந்தது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம், மொறட்டுவைப் பல்கலைக்கழகம், இந்தியாவில் ஆய்வேடுகளுக்கான சோத்கங்கா எல்லாம் டிஸ்பேஸில் அமைந்தவை. அதனால் கீழே உள்ள படிகளை டிஸ்பேஸின் 7ஆம் பதிப்பையும் அதற்குப் பிந்தியவற்றையும் வைத்தே சொல்கிறோம். ஈபிரிண்ட்ஸில் திரை வேறாக இருக்கும், வேலை ஒன்றுதான்.

தொடங்குமுன் ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள்: பதிவேற்றுவது வேறு, திறந்துவிடுவது வேறு. பதிவேற்றுவதை இன்றே செய்யலாம். திறப்பதற்குப் பதிப்பாளர் குறித்த நாள் வரை காத்திருக்க நேரலாம்; அந்தக் காத்திருப்பே தடைக்காலம். இரண்டையும் ஒன்றாக நினைப்பவர்கள், “தடைக்காலம் முடியட்டும், பிறகு பார்க்கலாம்” என்று தள்ளிப்போடுகிறார்கள். ஓராண்டு கழித்துப் பார்த்தால் சரியான கோப்பு கையில் இருக்காது.

எந்தக் கோப்பு?

ஒரு கட்டுரைக்கு மூன்று வடிவங்கள் உண்டு. இதழுக்கு முதலில் அனுப்பியது முன்வரைவு. மதிப்பீட்டாளர்கள் சொன்ன திருத்தங்களை எல்லாம் செய்து, “ஏற்றுக்கொண்டோம்” என்று இதழ் பதில் எழுதிய நிலையில் உங்கள் கணினியில் இருப்பது ஏற்கப்பட்ட கையெழுத்துப்படி. பதிப்பாளர் பக்கம் கட்டி, இதழின் முத்திரையும் பக்க எண்ணும் போட்டு வெளியிடுவது இறுதி வடிவம்.

சந்தா இதழ்களில் பெரும்பாலானவை களஞ்சியத்தில் வைக்க அனுமதிப்பது நடுவில் உள்ளதை. ஆனால் ஆசிரியர்கள் ஆசையாக அனுப்புவது மூன்றாவதை. பதிவுகளைச் சரிபார்க்கும் நூலகத்திலிருந்து திரும்பி வருபவற்றில் கணிசமானவை இந்த ஒரு காரணத்தால்தான் வருகின்றன. மெய்ப்புக்காகப் பதிப்பாளர் அனுப்பும் பிடிஎஃப்பும் உதவாது. அதில் பதிப்பாளரின் பக்க அமைப்பு ஏற்கெனவே ஏறியிருக்கும்.

ஏற்புக் கடிதம் வந்த அன்றே, கடைசியாகத் திருத்தி அனுப்பிய வேர்டு அல்லது லேடெக் மூலக் கோப்பைப் படங்களோடும் அட்டவணைகளோடும் கணினியில் தனி உறையில் (ஃபோல்டரில்) எடுத்து வையுங்கள். கோப்புப் பெயர் ஆங்கில எழுத்தில், இடைவெளி இல்லாமல் இருக்கட்டும். ஆசிரியர் பெயர், ஆண்டு, ‘ஏற்கப்பட்டது’ என்பதற்கு ஒரு சொல், இவை போதும். கோப்பு தொலைந்துவிட்டதா? இதழுக்குக் கட்டுரை அனுப்பப் பயன்படும் ஸ்காலர்ஒன், எடிட்டோரியல் மேனேஜர் போன்ற தளங்களில் உங்கள் கணக்கில் நுழைந்து, கடைசித் திருத்தப் பதிவைத் தேடுங்கள். அங்கே கிடைக்கும் பிடிஎஃப்பில் வரி எண்களும், மதிப்பீட்டுக்கு மட்டும் என்ற நீர்க்குறியும் இருக்கலாம். அதை அப்படியே ஏற்றாமல், மூலக் கோப்பை இறக்கிப் புதிதாகப் பிடிஎஃப் எடுங்கள்.

இந்த ‘ஏற்பு நாள்’ பழக்கம் எங்கள் சொந்தச் சரக்கு அல்ல. இந்தியாவில் உயிரித் தொழில்நுட்பத் துறையும் அறிவியல் தொழில்நுட்பத் துறையும் 2014 டிசம்பரில் வெளியிட்ட கொள்கை, தங்கள் நிதியில் நடந்த ஆய்வின் கையெழுத்துப்படியை ஏற்பு கிடைத்த இரண்டு வாரத்துக்குள் களஞ்சியத்தில் சேர்க்கச் சொல்கிறது. பெல்ஜியத்தின் லியேஜ் பல்கலைக்கழகம் இன்னும் கறாராக நடந்துகொண்டது. 2008இல் ஓர்பி என்ற களஞ்சியத்தைத் தொடங்கி, பதவி உயர்வுக்கு அதில் பதிவான கட்டுரைகளை மட்டுமே கணக்கில் எடுப்போம் என்றது. பேராசிரியர்கள் பதிவேற்றினார்கள். வேண்டுகோள் சுற்றறிக்கைகள் சாதிக்காததை ஒரு விதி சாதித்தது.

அனுமதியைப் பார்ப்பது

பிரிட்டனின் ஜிஸ்க் அமைப்பு நடத்தும் ஓப்பன் பாலிசி ஃபைண்டர் தளத்தில் இதழின் பெயரையோ ஐஎஸ்எஸ்என் என்ற அதன் அடையாள எண்ணையோ கொடுத்துத் தேடுங்கள். ஷெர்பா ரோமியோ என்ற பழைய பெயரில் இதை அறிந்திருப்பீர்கள். மூன்று வடிவங்களுக்கும் தனித்தனியாக, எங்கே வைக்கலாம், எத்தனை மாதம் கழித்து, எந்த உரிமத்தில் என்று வரும். ‘நிறுவனக் களஞ்சியம்’ என்ற இடத்துக்கு உரியதை மட்டும் படியுங்கள். சொந்த வலைப்பக்கத்துக்கு உரிய விதி வேறாக இருக்கலாம்.

பதிப்பாளருக்குப் பதிப்பாளர் இது மாறும். எமரால்டும் சேஜும் ஏற்கப்பட்ட கையெழுத்துப்படிக்குத் தடைக்காலம் விதிப்பதில்லை. ஸ்பிரிங்கர் நேச்சரின் சந்தா இதழ்களில் பொதுவாக 12 மாதம். எல்செவியரில் இதழைப் பொறுத்து மாறும். பல இதழ்களில் 12 முதல் 24 மாதம், கூடவே வணிகம் சாராத, மாற்றம் செய்யக் கூடாத கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம் கட்டாயம். ஐஇஇஇ தன் பதிப்புரிமை வாசகத்தை முதல் பக்கத்தில் சேர்க்கச் சொல்கிறது. விதிகள் அவ்வப்போது மாறுவதால், நீங்கள் கையெழுத்திட்ட பதிப்புரிமை ஒப்பந்தமே கடைசிச் சொல். அதன் படியையும் அதே உறையில் வையுங்கள்.

தடைக்காலம் எண்ணுவதில் எல்லாரும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு: அது ஏற்பு நாளிலிருந்து ஓடுவதில்லை, வெளியான நாளிலிருந்து ஓடுகிறது. இணையத்தில் 2025 மார்ச் 10 அன்று வெளியான கட்டுரைக்கு 12 மாதம் என்றால் 2026 மார்ச் 10 அன்று திறக்கலாம். ஏற்பு அதற்கு நான்கு மாதம் முன்பே வந்திருக்கும்; அதை வைத்து எண்ணினால் நான்கு மாதம் முந்திவிடுவீர்கள். சில பதிப்பாளர்கள் முதலில் இணையத்தில் வந்த நாளையும் சிலர் இறுதி வடிவம் வந்த நாளையும் தொடக்கமாகக் கொள்கிறார்கள் என்பதால் அந்த ஒரு வரியை நிதானமாகப் படியுங்கள்.

பிடிஎஃப் தயாரிப்பு: தமிழில் எழுதுபவர்கள் இங்கே நிற்கவும்

முதல் பக்கத்தில் தலைப்பு பெரிய எழுத்தில், அதன் கீழ் ஆசிரியர் பெயர்கள், அடியில் இரண்டு வரிக் குறிப்பு: இது ஏற்கப்பட்ட கையெழுத்துப்படி, இறுதி வடிவம் இன்ன இதழில் இன்ன டிஓஐ எண்ணில் உள்ளது. கூகுள் ஸ்காலர் தலைப்பையும் ஆசிரியரையும் எழுத்தின் அளவு, இடம் ஆகியவற்றைக் கொண்டும் ஊகிக்கிறது என்பதால் இது அழகுக்காகச் சொல்வதல்ல. கோப்பின் பண்புகளில் தலைப்புப் பெட்டியையும் பாருங்கள். ‘மைக்ரோசாஃப்ட் வேர்ட் - டாகுமெண்ட்1’ என்று அங்கே இருந்தால் உலாவியின் மேல்பட்டையிலும் அதுவே தெரியும்.

வகை பிடிஎஃப்/ஏ ஆக இருக்க வேண்டும். நீண்டகாலக் காப்புக்கென 2005இல் ஐஎஸ்ஓ 19005 என்ற தரமாக வந்தது இது. எழுத்துருக்கள் கோப்புக்குள்ளேயே இருக்கும். கடவுச்சொல்லோ வெளியிலிருந்து இழுக்கும் பகுதியோ இருக்காது. வேர்டில் பிடிஎஃப்பாகச் சேமிக்கும்போது ஆப்ஷன்ஸ் பெட்டியிலும், லிப்ரேஆபிஸில் ஏற்றுமதிப் பெட்டியிலும் இதற்கு ஒரு குறி இருக்கிறது. சரியாக வந்ததா என்று வெராபிடிஎஃப் என்ற இலவச மென்பொருள் சொல்லிவிடும்.

இனித் தமிழ். பிடிஎஃப்பைத் திறந்து ஒரு வரியைத் தேர்ந்து நகலெடுத்து நோட்பேடில் ஒட்டுங்கள். திரையில் பார்த்த அதே தமிழ் வந்தால் நல்லது. ‘தமிழ்’ என்ற சொல்லுக்குப் பதிலாக ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்தும் ஓர் அரைப்புள்ளியும் வந்தால், அது பாமினி எழுத்துருவில் தட்டியது. கண்ணுக்குத் தமிழ், கணினிக்கு ஆங்கிலக் கூளம். அச்சுக்கு அது போதும், தேடலுக்கு அந்தக் கட்டுரை இல்லாததற்குச் சமம். அதை மூலக் கோப்பிலேயே யூனிகோடுக்கு மாற்ற வேண்டும். என்எச்எம் கன்வர்ட்டர் போன்றவை உதவும். முழு ஆவணத்தையும் ஒரேயடியாக மாற்றாதீர்கள். இடையில் வரும் ஆங்கிலப் பெயர்களும் துணைநூற்பட்டியலும் சேர்ந்து சிதையும். தமிழ்ப் பகுதிகளை மட்டும் தேர்ந்து மாற்றி, மாற்றியபின் அடைப்புக்குறிகளையும் மேற்கோள்குறிகளையும் ஒருமுறை கண்ணால் பாருங்கள்.

யூனிகோடில் தட்டியும் தொல்லை வரலாம். ‘போர்’ என்பதை நகலெடுத்தால் கொம்பு முன்னே தனியாகப் போய் ‘ேபார்’ என்று வரும். அச்சுக்கட்டளை வழியாகப் பிடிஎஃப் எடுப்பதுதான் பெரும்பாலும் இதற்குக் காரணம். அந்த வழியில் எழுத்தின் வடிவங்கள் போகின்றன, எழுத்துகளின் வரிசை போவதில்லை. வேர்டின் சேமிப்புக் கட்டளை வழியாகவே பிடிஎஃப் எடுத்து மறுபடி நோட்பேடு சோதனை செய்யுங்கள்.

பழைய கட்டுரை தாளில் மட்டும் இருந்தால் 300 டிபிஐயில் வருடி, டெசராக்ட் போன்ற எழுத்துணரியை ஓட்டி, உணர்ந்த உரையைப் படத்தின் அடியில் மறைவு அடுக்காக வையுங்கள். பிழைகள் இருக்கும், தேடுவதற்குப் போதும். கோப்பு 5 எம்பியைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வதும் முக்கியம், ஏனென்றால் கூகுள் ஸ்காலர் தன் வழிகாட்டலில் வைத்திருக்கும் வரம்பு அது.

பதிவேற்றும் திரை

பல்கலைக்கழக மின்னஞ்சலோடு உள்நுழைந்து, மை டிஸ்பேஸ் பக்கத்தில் புதிய பதிவு என்பதை அழுத்துங்கள். உங்கள் துறைக்குரிய தொகுப்பைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும். பட்டியலில் உங்கள் துறை இல்லாவிட்டால் உங்களுக்கு அனுமதி இன்னும் கொடுக்கப்படவில்லை என்று பொருள். நூலகத்துக்கு எழுதுங்கள்; பக்கத்துத் துறையில் போட்டுவிடாதீர்கள். டிஓஐ ஏற்கெனவே இருந்தால், வெளி மூலத்திலிருந்து இறக்குமதி செய்யும் வசதியில் அதைக் கொடுத்தால் தலைப்பு, ஆசிரியர், இதழ் போன்ற விவரங்களில் (மீத்தரவில்) பாதி தானாக நிரம்பும்.

ஆசிரியர் பெயர்தான் தமிழர்களுக்குச் சிக்கல். படிவத்தில் குடும்பப் பெயருக்கு ஒரு பெட்டி, முதற்பெயருக்கு ஒரு பெட்டி. நமக்கோ முன்னெழுத்தும் சொந்தப் பெயரும். ஒரு கட்டுரையில் தந்தை பெயரைக் குடும்பப் பெயராகப் போட்டு, அடுத்ததில் சொந்தப் பெயரைப் போட்டால் களஞ்சியம் உங்களை இரண்டு ஆட்களாக வரிசைப்படுத்தும். சொந்தப் பெயரை முதல் பெட்டியிலும் முன்னெழுத்தை இரண்டாவதிலும் இடுவதே எங்கள் பரிந்துரை. எதைத் தேர்ந்தாலும் ஆயுளுக்கும் அதையே வையுங்கள். ஆய்வாளரை அடையாளம் காட்டும் 16 இலக்க ஆர்கிட் எண் ஒன்றைப் பெற்றுச் சேர்த்துவிட்டால் பெயர்க் குழப்பம் பெரிதும் தீரும், அது இலவசம்.

தமிழ்க் கட்டுரைக்குத் தலைப்பைத் தமிழ் எழுத்திலேயே இடுங்கள். ஆங்கிலத் தலைப்பு, மாற்றுத் தலைப்பு என்ற பெட்டிக்குப் போகட்டும். மொழி என்ற இடத்தில் தமிழைத் தேர்ந்தெடுக்க மறக்காதீர்கள். பலர் ஆங்கிலம் என்ற முன்னிருப்பை அப்படியே விட்டுவிடுகிறார்கள், பிறகு மொழிவாரி வடிகட்டலில் அந்தக் கட்டுரை வருவதே இல்லை. கட்டுரை இன்னும் வெளியாகவில்லை என்றால் தேதிப் பெட்டியில் எதிர்பார்க்கும் ஆண்டை மட்டும் கொடுத்து, குறிப்பில் ‘அச்சில்’ என்று எழுதுங்கள்.

கோப்பை ஏற்றியதும் அதற்குரிய அணுக்க நிபந்தனையைத் தேர வேண்டும். திறந்த அணுக்கம், தடைக்காலம் போன்ற தெரிவுகள் இருக்கும். தடைக்காலத்தைத் தேர்ந்தால் திறக்கும் நாளைக் கேட்கும். வெளியான நாள் தெரியாதபோது நிர்வாகிக்கு மட்டும் என்று பூட்டி, நூலகத்துக்கு ஒரு வரிக் குறிப்பு விடுங்கள். பூட்டிய காலத்திலும் தலைப்பும் சுருக்கமும் எல்லாருக்கும் தெரியும். வாசகர் ‘படி கேள்’ என்பதை அழுத்தினால் உங்களுக்கு மின்னஞ்சல் வரும். விரும்பினால் அவருக்கு மட்டும் ஒரு படி அனுப்பலாம்.

கடைசியில் உரிமம். இங்கே இரண்டு உண்டு, ஒன்றென எண்ண வேண்டாம். முதலாவது நீங்கள் பல்கலைக்கழகத்துக்குக் கொடுப்பது: கோப்பை வைத்திருக்கவும், காப்புக்காகப் பல படிகள் எடுக்கவும், காலம் மாறும்போது வேறு வடிவத்துக்கு மாற்றவும் ஓர் அனுமதி. பதிப்புரிமை இதனால் கைமாறாது. இதற்குக் குறி இடாமல் பதிவு போகாது. இரண்டாவது வாசகருக்குக் கொடுக்கும் கிரியேட்டிவ் காமன்ஸ். பதிப்புரிமையை இதழுக்கு எழுதிக் கொடுத்திருந்தால் இதைத் தாராளமாகத் தேர உங்களுக்கு அதிகாரம் இல்லை. பதிப்பாளர் சொன்னதை மட்டும் இடுங்கள்.

அழுத்திய பிறகு

பதிவு உடனே வெளிவராது. நூலகப் பணியாளர் ஒருவர் அதைத் தன் பொறுப்பில் எடுத்து, கோப்பு வடிவம், உரிமை, பெயர் ஒழுங்கு பார்த்து ஏற்பார், அல்லது காரணம் எழுதித் திருப்பி அனுப்புவார். திரும்பியது உங்கள் பக்கத்தில் பழையபடி இருக்கும். புதிதாகத் தொடங்காமல் அதையே திருத்துங்கள்.

ஏற்றபின் ஹேண்டில் என்ற நிரந்தர முகவரி பிறக்கும். முன்பாதி நிறுவனத்தின் எண், பின்பாதி பதிவின் எண். சோத்கங்காவின் முன்பாதி 10603. மேற்கோளில் இதைத்தான் கொடுக்க வேண்டும், உலாவியின் முகவரிப்பட்டையில் தெரிவதை அல்ல. டிஸ்பேஸ் 7 வந்தபோது பழைய இரண்டு முகப்புகளும் கைவிடப்பட்டன. முகப்பின் பெயர் பொதிந்த நெடிய முகவரிகளை மேற்கோளில் கொடுத்தவர்களின் இணைப்புகள் பல இடங்களில் அறுந்தன. ஹேண்டில் கொடுத்தவர்களுக்குப் பாதிப்பில்லை.

ஆனால் உங்கள் களஞ்சியத்தின் முன்பாதியை ஒருமுறை உற்றுப் பாருங்கள். 123456789 என்று இருந்தால் அது மென்பொருளோடு வரும் மாதிரி எண். நிறுவனம் தனக்கென ஓர் எண்ணைப் பதிந்து வாங்கவே இல்லை. உலக ஹேண்டில் சேவைக்கு அந்த முகவரி தெரியாது. அந்தச் சேவையகம் இருக்கும் வரைதான் இணைப்பும் இருக்கும். இந்த எண்ணோடு இயங்கும் களஞ்சியங்கள் நம் பக்கத்தில் நிறையவே உண்டு. ஆண்டுக்கு ஒரு சிறு கட்டணத்தில் தீர்கிற விஷயம் என்பதால் நூலகரிடம் கேட்கத் தயங்க வேண்டாம்.

இன்று வெளியான கட்டுரையின் உள்ளே உள்ள சொல்லைத் தேடினால் வரவில்லையா? பிடிஎஃப்பிலிருந்து உரையைப் பிரித்தெடுக்கும் நிரலைப் பொதுவாக இரவில் ஓடும்படி வைத்திருப்பார்கள். மறுநாள் பாருங்கள். பல களஞ்சியங்களின் பதிவுகளை ஓரிடத்தில் தேடவிடும் பேஸ், கோர் போன்ற உலகத் திரட்டிகள் மீத்தரவை அறுவடை செய்து கொண்டுபோக இன்னும் சில நாள் ஆகலாம்.

பாதுகாப்பது

கோப்பு உள்ளே வந்ததும் டிஸ்பேஸ் அதற்கு எம்டி5 முறையில் 32 குறி நீளமுள்ள ஒரு சரிபார்ப்பு எண்ணைக் கணக்கிட்டுப் பதிவு வரலாற்றில் எழுதிவைக்கும். பிற்காலத்தில் வட்டு பழுதாகி ஒரே ஒரு பிட் மாறினாலும் இந்த எண் மாறிவிடும். ஒப்பிட்டுப் பார்க்கும் நிரல் தானாக ஓடாது, கால அட்டவணையில் சேர்க்க வேண்டும். நிறுவியவர்கள் அடிக்கடி மறப்பது இதைத்தான்.

நூலகத்தில் புதிதாகப் பொறுப்பேற்பவர்களுக்கு இன்னொன்று. டிஸ்பேஸ் கோப்புகளைச் சேமிக்கும் கிடங்கு உறையில் அவை தங்கள் சொந்தப் பெயரில் இருப்பதில்லை. நீளமான இலக்கச் சரமே ஒவ்வொன்றின் பெயரும். எந்தச் சரம் யாருடைய கட்டுரை என்பது போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்துக்கு மட்டுமே தெரியும். கிடங்கை மட்டும் நகலெடுத்து வைத்தால், விபத்துக்குப் பிறகு கையில் மிஞ்சுவது பெயரில்லாத ஆயிரம் கோப்புகள். இரண்டையும் ஒரே நேரத்தில் நகலெடுங்கள். பதிவிறக்க எண்ணிக்கை இவை இரண்டிலும் இல்லாமல் சோலார் என்ற தேடுபொறியில் தனியாகக் கிடக்கிறது. அதையும் ஏற்றுமதி செய்யாவிட்டால் பேராசிரியர்கள் முதலில் கேட்கும் எண் காணாமல் போகும். மூன்று படிகள், இருவகை ஊடகம், ஒன்று வேறு ஊரில். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒரு படியை வெற்றுச் சேவையகத்தில் மீட்டெடுத்துப் பாருங்கள். மீட்டுப் பார்க்காத நகலை நகல் என்று நம்புவதற்கில்லை.

ஆய்வேடு என்றால்

இந்தியாவில் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 விதிப்படி, முனைவர் பட்டத்தை அறிவிக்கும்முன் ஆய்வேட்டின் மின்படியை காந்திநகரில் உள்ள இன்ஃப்ளிப்நெட் மையத்துக்குப் பல்கலைக்கழகம் கொடுத்தாக வேண்டும். அதுதான் சோத்கங்காவில் ஏறுகிறது. அங்கே ஆய்வேட்டை ஒரே கோப்பாக வைப்பதில்லை. தலைப்புப் பக்கம் 01, சான்றிதழ் உள்ளிட்ட முன்பக்கங்கள் 02 என்று வரிசை எண்ணிட்ட தனித்தனிப் பிடிஎஃப்கள்; தலைப்பையும் முடிவுரையையும் சேர்த்த ஒன்று 80 என்ற எண்ணில் வரும்.

பின்னிணைப்புகளை ஏற்றுமுன் ஒரு நாள் ஒதுக்குங்கள். நேர்காணல் கொடுத்தவர்களின் பெயரும் ஊரும், ஒப்புதல் படிவத்தில் அவர்களின் கையொப்பம், உங்கள் தன்விவரத்தில் வீட்டு முகவரியும் கைபேசி எண்ணும் அங்கேதான் ஒளிந்திருக்கும். தாளில் நூலக அடுக்கில் இருந்தபோது யாரும் பார்க்கவில்லை. இணையத்தில் ஏறினால் கூகுள் பார்க்கும். பிறர் எடுத்த ஒளிப்படம், வாங்கிய வரைபடம், சுவடியின் படம் ஆகியவற்றுக்கு எழுத்தில் அனுமதி வேண்டும். கிடைக்காவிட்டால் அந்தப் பக்கத்தை மட்டும் நீக்கி, நீக்கியதைக் குறிப்பிட்ட பிடிஎஃப் ஒன்றைத் திறந்துவிட்டு, முழுப்படியைப் பூட்டி வைக்கலாம்.

பிழை பின்னால் தெரிந்தால், பதிவை அழித்துவிட்டுப் புதிதாக ஏற்றாதீர்கள். ஹேண்டில் மாறி, ஏற்கெனவே மேற்கோள் காட்டியவர்களின் இணைப்பு அறுந்துவிடும். புதிய பதிப்பு என்ற வசதி இயக்கப்பட்டிருந்தால் அதன் வழியாகத் திருத்திய கோப்பைச் சேர்க்கலாம். பழையதும் அடியில் இருக்கும். இதழே கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டால் நூலகத்துக்குத் தெரிவியுங்கள். அவர்கள் கோப்பை மறைத்து, அதே முகவரியில் பதிவு விலக்கப்பட்டது என்ற அறிவிப்பை விட்டுவைப்பார்கள்.